ஒரு கட்டுரையாவது வாசித்தீர்களா?

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் அடக்கிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடந்த, எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த சேரின் பாராட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கும் காணொளியைப் பார்த்தவர்களுக்கும் விசயம் தெரியும், முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். மேடையில் ஏறி, ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களைக் கணக்கிட்டுக் காட்டும் கூகுள் ஸ்கொலரில் சேரின் பக்கத்தைத் திரையில் போட்டு, எச்-இன்டெக்ஸ் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது, இளையவர்கள் இதைத் தாண்ட வேண்டும் என்று பேசியவர் சேரின் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றையாவது வாசித்திருக்கிறாரா?

வாசித்திருக்க மாட்டார். வாசித்தவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வராது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எச்-இன்டெக்ஸ் 8 என்றால், ஒருவருடைய கட்டுரைகளில் 8 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 8 தடவை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்தது. ஒருவருடைய பன்முக உழைப்பை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அவரே அதை அறிமுகப்படுத்திய கட்டுரையில் எழுதியிருக்கிறார். கொண்டுவந்தவருக்கே இருந்த அடக்கம் நமது மேடையில் இல்லை.

சேர் செய்தது சேதன இரசாயனத்தில் இயற்கைப் பொருள் ஆய்வு. நம் கடற்கரையில் நிற்கும் புன்னை மாதிரியான மரங்களின் பட்டையில் என்னென்ன சேர்வைகள் இருக்கின்றன என்று பிரித்தெடுத்துக் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பது. கிலோக் கணக்கில் பட்டையைக் காயவைத்து இடித்து, முதலில் ஹெக்சேன், பிறகு மெதனோல் என்ற கரைப்பான்களில் ஊறவைத்து, வந்த சாற்றைக் கொலத்தில், அதாவது சிலிக்கா ஜெல் நிரப்பிய நீளக் குழாயில், ஓடவிட்டு, குழாய் குழாயாகப் பிடித்து, கடைசியில் சுத்தமாகக் கையில் கிடைப்பது சில மில்லிகிராம். கொலம் காய்ந்தால் வெடிப்பு விழும், எல்லாம் வீண். அதனால் நாங்கள் மாணவர்கள் முறை வைத்து இரவிரவாக விழித்திருப்போம். கரண்ட் போனால் சேர் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து நிற்பார். போர்க்காலம் அது. ஒரு போத்தல் கரைப்பான் வாங்கக் கடிதத்துக்கு மேல் கடிதம், அப்புறம் சோதனைச் சாவடியில் அதற்கு விளக்கம். சேர்வையின் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்.எம்.ஆர் கருவி எங்களிடம் இல்லை. அந்தச் சில மில்லிகிராமைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபாலைப் பார்த்திருப்போம். இது எந்த எண்ணில் வருகிறது?

எண் இல்லாமல் எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். சரி, எண் வேண்டும். எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? புரதத்தை அளக்க ஒரு முறை சொன்ன லோரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 3 இலட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள், ஏனென்றால் எத்தனையோ ஆய்வுகூடங்களுக்கு அந்த முறை தேவைப்பட்டது. ஒரு மரத்தின் புதிய சேர்வையைச் சொல்லும் கட்டுரையை அந்தத் தாவரக் குடும்பத்தில் வேலை செய்பவர்தான் தேடி வருவார். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினின் கட்டமைப்பைச் சீன ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்டபோது தனி ஆட்களின் பெயரே இல்லை, ஆய்வுக்குழுவின் பெயர்தான் இருந்தது. அந்த மருந்துக்காகச் சீன ஆய்வாளர் தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு அவருடைய மேற்கோள் கணக்கை எடுத்துத் திரையில் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திரையில் போட்ட அந்தப் பக்கமாவது சரியா என்றால் அதுவும் இல்லை. ஓர் இதழ் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியது, இன்னொன்று முதலெழுத்தை மாற்றியது, கணினிக்குச் சேர் இரண்டு ஆள். சொந்தக்காரர் உட்கார்ந்து சேர்த்துச் சரிபார்க்க வேண்டிய பக்கம் அது. சேருக்கு அதில் அக்கறை இருந்ததில்லை. எண்ணைத் துரத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2023இல் மட்டும் உலகில் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன, அதாவது நம்ப முடியாதவை என்று இதழ்களே விலக்கிக்கொண்டன.

நீ அவருடைய மாணவன், அப்படித்தான் கதைப்பாய் என்று உள்பெட்டியில் எழுதியவருக்கு: ஆம், மாணவன்தான். வெளிநாட்டில் இடம் கிடைத்தும் திருமலைக்குத் திரும்பி வந்த மனிதரின் மாணவன். மூதூரில், கிண்ணியாவில், குச்சவெளியில் இன்றைக்கு உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவர்களில் எத்தனை பேர் அவரிடம் படித்தவர்கள் என்று போய்க் கேளுங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பாராட்டு விழா என்று கூப்பிட்டுவிட்டு ஒரு மனிதரை அவருடைய வீட்டாருக்கு முன்னால் குறைத்துப் பேசலாமா? மேடையில் இருந்த ஒருவர்கூட எழும்பி ஒரு சொல் சொல்லவில்லையே!

விழா மலர்க் குழுவுக்கு ஒன்று. அந்த எண்ணைச் சேரின் படத்துக்குக் கீழே அச்சடிக்கப் போவதாகக் கேள்வி. அப்படியென்றால் என் கட்டுரையை எடுத்துவிடுங்கள். போடுவதென்றால் சேரின் கட்டுரைகளின் முழுப் பட்டியலையும் போடுங்கள், தட்டச்சு செய்து நானே தருகிறேன். அச்சகத்துக்குக் கொடுக்க முதல் பதில் சொல்லுங்கள்.