"எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று சொல்வதற்கு முன்னால்

"எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று நாம் நல்ல மனசோடுதான் சொல்கிறோம். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பயணத்தில் போய்வருகிற சனம் நாம். அந்த மனசு பெரிது. ஆனால் கடவுளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே தேடுகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது என்பதுதான் என் கருத்து. ஒண்ணுதான் என்று முடிவுகட்டிவிட்டால் அடுத்தவர் என்ன நம்புகிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்று கேட்கும் வேலையே நின்றுபோகிறது.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு அபிஷிக்தானந்தர்தான் நினைவுக்கு வருவார். இயற்பெயர் ஹென்றி லெ சோ. பிரான்சில் பெனடிக்டின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் துறவியாக இருந்து, 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். குளித்தலை பக்கத்துக் கிராமங்களில் ஏற்கெனவே பங்குக் குருவாக இருந்த மோன்ஷனன் அடிகளோடு சேர்ந்து, 1950இல் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார். இருவரும் காவி கட்டினார்கள். அங்கே காலை வழிபாட்டில் நெற்றிக்குச் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் திருநீறு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. உபநிடதமும் வாசிப்பார்கள், விவிலியமும் வாசிப்பார்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது காவியும் சந்தனமும் இல்லை. 1949இல் அவர் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்தார். பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனவருக்கு முதலில் ஏமாற்றம்தான். அப்புறம் காய்ச்சலில் விழுந்தார். அறிவுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று தனக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது என்பது அந்தக் காய்ச்சலில்தான் அவருக்குத் தெரிந்தது. பின்னால் அருணாசல மலைக் குகைகளில் போய் மௌனமாக இருந்தார். திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளின் காலடியில் அமர்ந்தார்.

இதெல்லாம் அவருக்கு நிம்மதி தரவில்லை, அலைக்கழிப்பைத்தான் தந்தது. அத்வைதம் சொல்கிறபடி "நான்", "நீ" என்ற இரண்டே இல்லை என்றால், நான் யாரிடம் ஜெபிக்கிறேன்? இயேசுவை இழந்துவிடுவேனா? போகிற பாதையே தப்பாக இருந்தால் என் கதி என்ன? அவர் நாட்குறிப்பு முழுக்க இந்தத் தவிப்பு இருக்கிறது. கூடவே இருந்த மோன்ஷனன் அடிகளாலேயே அத்வைதத்துக்குள் அந்த அளவுக்கு அவரோடு போக முடியவில்லை.

இந்தத் தவிப்பைத்தான் நான் தேடலின் அடையாளமாகப் பார்க்கிறேன். இரண்டு நம்பிக்கைகளையும் உயிராக எடுத்துக்கொண்டவருக்குத்தான் அவை எங்கே ஒட்டவில்லை என்பது வலிக்கும். முக்தியும் மீட்பும் ஒன்றா? உருவமே கூடாது என்கிற தொழுகையும், அபிஷேகம் முடிந்து அலங்காரத்தில் நிற்கும் முருகனைக் கண்குளிரப் பார்ப்பதும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டின் முன்னாலும் மனசு கரைகிறது என்பது மட்டும் உண்மை. அது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாந்திவனத்தை இரண்டு பக்கமும் திட்டினார்கள். மதம் மாற்றத்தான் இந்த வேஷம் என்றார்கள் சிலர், கத்தோலிக்கத் திருச்சபையைவிட்டு விலகிப் போகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். கேள்வி கேட்பது நியாயம்தான். ஆனால் உள்ளே இருபது வருஷத்துக்கு மேல் இப்படி வெந்த ஒரு மனிதரை வேஷக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது.

"சரி, கடைசியில் அவர் எந்தப் பக்கம் போனார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். எதையும் விடவில்லை. 1968இல் சாந்திவனத்தை விட்டு இமயமலைப் பக்கம் போனார். 1973இல் இந்தூரில் இறக்கும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார், அத்வைதியாகவும் இருந்தார்.