ரோமா பிள்ளைகள் பள்ளிக்கே போகாதவர்களா?

“ரோமாக்கள் ருமேனியாக்காரர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டார்கள், அவர்களுக்கான திட்டமெல்லாம் வீண் செலவு” என்று ஐரோப்பாவில் சிறுபான்மையாக வாழும் ரோமா மக்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி பெயர்க் குழப்பம். அவர்கள் மொழியில் ‘ரோம்’ என்றால் மனிதன். ருமேனியாவோடு அந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. தண்ணீரை ‘பானி’ என்கிறார்கள், இந்திக்காரர்களைப் போலவே. மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள்.

படிப்பு விஷயத்தில்தான் கதை தலைகீழ். செக் நாட்டின் ஒஸ்த்ராவாவில் 18 ரோமா பிள்ளைகளின் வழக்கைப் பாருங்கள். பள்ளிக்குப் போனவர்கள்தான். ஆனால் அறிவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ரோமா பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரிக்காத உளவியல் சோதனைதான் அதற்கு அடிப்படை. அந்த ஊரில் ஒரு ரோமா பிள்ளை அப்படிப்பட்ட பள்ளியில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு என்று வழக்கில் கணக்குக் காட்டினார்கள். 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறிய அமர்வில் தோற்றார்கள். 2007 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, இது பாகுபாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே சேர்க்கச் சம்மதித்துப் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்ற வாதமும் எடுபடவில்லை.

அப்புறம் ‘வீண் செலவு’. ஹங்கேரியின் பேச் நகரில் 1994-இல் ரோமா பிள்ளைகளுக்காக ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். பெயர் என்ன தெரியுமா? காந்தி பள்ளி! கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி உண்டு. ரோமாக்களின் மொழிகளும் அங்கே பாடம். பல்கலைக்கழக நுழைவுக்கான பள்ளி இறுதித் தேர்வு வரை படிக்கலாம்.