மனசுக்கும் ஆடிட் வருமா?

ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிற ஸ்ட்ரெஸ் நம்பரை, அதாவது மன அழுத்தக் கணக்கை, இவ்வளவு பேர் நம்புகிறார்களே, அது எப்படி வருகிறது தெரியுங்களா? தோலில் பச்சை விளக்கை அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்று கணக்குப் போடுகிறது. 2020-இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் போன்றவை, தோலில் கசியும் வியர்வையையும் லேசான மின்சாரம் வைத்து அளக்கும். அவ்வளவுதான். பயத்தில் வியர்த்ததா, சந்தோஷத்தில் வியர்த்ததா என்று அதற்குத் தெரியாது.

இந்த வியர்வைக் கணக்கை வைத்தே சென்சோரீ என்ற அமெரிக்க வடிவமைப்பு நிறுவனம் ஒரு ஸ்வெட்டர் செய்தது. உள்ளுக்குள் படபடப்பு கூடக் குறைய, கழுத்துப்பட்டியின் நிறம் மாறும். பார்க்க அழகுதான். ஆனால் அதை மாட்டிக்கொண்டு நம்ம பக்கம் ஒரு பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போக முடியுமா? வாய் "நல்லா இருக்கீங்களா சித்தப்பா" என்று கேட்கும்போது கழுத்து செக்கச்செவேல் என்று எரிந்தால், வரப்புத் தகராறு பந்தியிலேயே வெடித்துவிடும். நம்ம மரியாதையில் பாதி, உள்ளே இருப்பதைக் காட்டாமல் இருப்பதுதாங்க!

சரி, விசேஷத்தைச் சமாளித்துவிடலாம். நாளைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி "உங்க ஆரோக்கியத்துக்குத்தான்" என்று எல்லோர் கையிலும் இதே மாதிரி அளக்கும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால்? ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில், பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா ஊரில் விட்டுவந்த குழந்தையை நினைத்துக் கலங்கினால், சூப்பர்வைசர் திரையில் அது 'கவனக் குறைவு' என்று விழும். இல்லைங்க, நான் ஒழுங்காகத்தான் தைத்தேன் என்று அவர் சொன்னால் எடுபடுமா? மெஷின் மனசைச் சரியாகப் படித்துவிடுமோ என்பதல்ல என் பயம், தப்பாகப் படித்தாலும் அது சொல்வதுதான் நிற்கும் என்பதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகம், குரல், நாடித்துடிப்பு போன்ற உடல் அடையாளத் தரவை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐயை 2025 பிப்ரவரி 2 முதல் தடுத்துவிட்டது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நம்ம பனியனை வாங்கும் பையர்களில் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். நம்ம கம்பெனிகளில் கழிப்பறை, தீயணைப்பான், ஓவர்டைம் என்று துருவித்துருவி ஆடிட் செய்கிறவர்கள் இதற்கும் ஒரு கேள்வி சேர்க்கலாமே? இங்கே 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுக்கென்று தனி வகையே வைக்கவில்லை. அது போதாதென்று, வேலை சார்ந்த காரியம் என்றால் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள 7-ஆவது பிரிவில் வழியும் விட்டிருக்கிறது.

நீங்களே காசு போட்டு வாங்கிக் கட்டினால் அது உங்கள் இஷ்டம். கம்பெனி கொடுத்தால், இந்தக் கணக்கு யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேளுங்க. தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்பதும் தெரியும், அதனால் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் பஞ்சப்படியோடு சேர்த்து இதையும் சங்கங்கள் எழுதி வாங்கட்டும்.