"பார்த்துத் தூக்குப்பா" என்று சொன்னால் போதுமா?

பழைய சோபா, மெத்தை, பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் வீட்டை விட்டுப் போகிற நாளில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வார்த்தைதான்: "பார்த்துத் தூக்குப்பா." அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் அதைச் சொன்னதுமே மொத்தப் பொறுப்பும் தூக்குகிறவர் முதுகுக்குப் போய்விடுகிறது. அவர் எதைப் பார்ப்பார்? சோபா மடிப்புக்குள் கிடக்கும் பிளேடு வெளியே தெரியாது. வாஷிங் மெஷின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீரும் தெரியாது. பெரிய சாமான்களை அகற்றுகிற வேலையில் பல காயங்கள், அந்தச் சாமான் வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எடை. அன்றாடக் குப்பைக்குச் சக்கரம் வைத்த தொட்டி இருக்கிறது, அதைத் தூக்கிக் கொட்ட வண்டியிலேயே இயந்திரமும் இருக்கிறது. பீரோவுக்குக் கைப்பிடிகூடக் கிடையாது. எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. பிரிட்டனின் வழிகாட்டுதலில் ஆணுக்கு 25 கிலோ. அதுவும் இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால்தான். அதே ஆள் தரையோரத்திலிருந்து கையை நீட்டித் தூக்கினால் 5 கிலோவாகக் குறைந்துவிடும். குப்பைக்கு வைக்கிற சாமான் பெரும்பாலும் தரையில்தான் கிடக்கிறது.

"ரெண்டு பேர் பிடிச்சா பாதிப் பாரம்தானே" என்பது தப்புக் கணக்கு. இருவர் சேர்ந்தால் இருவரின் தனித்தனித் திறனைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூவர் என்றால் பாதி. உயரம் ஒத்துவராது, அடி ஒத்துவராது, ஒருவர் தடுமாறினால் பாரம் முழுக்க மற்றவர் மேல் சாயும். ஆக ஆளுக்கு 25 கிலோ என்று வைத்தால், இரண்டு பேருக்கு நல்ல நிலையில் 33 கிலோ. முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின் 60 முதல் 80 கிலோ வரும். வார்ப்பட்டை கட்டிய இருசக்கரத் தள்ளுவண்டி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அதற்குள் பெரும்பாலும் கான்கிரீட் பாளம் ஒன்றாவது இருக்கும், துணி சுழலும்போது மெஷின் ஆடாமல் இருப்பதற்காக. அந்தப் பாளம் இருக்கும் பக்கம்தான் கனம், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கீழே இருக்கும் வடிகட்டி மூடியைத் திறந்து, தேங்கிய தண்ணீரை முதலிலேயே வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாய்த்த நிமிடத்தில் படிக்கட்டு முழுக்க ஈரம்.

படியில் இறங்கும்போது பாரம் கீழ்ப்படியில் இருப்பவர் பக்கம்தான் இறங்கும். அதனால் பலசாலி கீழே. கட்டளை சொல்வது ஒரே ஆளாக இருக்கட்டும். "நில்லு", "இறக்கு", "விடு" என்று மூன்று சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "விடு" என்றால் விட்டுவிட்டு விலக வேண்டும். நழுவுகிற பீரோவைப் பிடித்து நிறுத்தப் பார்த்துத்தான் விரலும் மணிக்கட்டும் நசுங்குகின்றன. பழைய பீரோ போனால் போகட்டும்.

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொண்டி போட்டுப் பூட்டும் பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால்தான், உள்ளிருந்தும் திறக்கும் கதவு வேண்டும் என்று அமெரிக்கா 1956-ல் சட்டமே போட்டது. இப்போது காந்தப்பட்டை வைத்த கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். ஆனால் ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் குப்புறக் கிடந்தாலோ, கதவை ஒட்டி ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தாலோ எப்படித் திறக்கும்? வெளியே வைப்பதற்கு முன் கதவைக் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் சில நிமிட வேலை.

அடுத்தது ஃப்ரிட்ஜின் செப்புக் குழாய். பழைய உலோக விலைக்காக கம்ப்ரசர் பக்கத்துக் குழாயை வெட்டி எடுப்பவர்கள் உண்டு. இன்றைய பல ஃப்ரிட்ஜுகளில் இருப்பது ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு, அதாவது ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோரம் தங்கும். மூடிய வண்டிக்குள்ளோ மாடிப்படியின் அடியிலோ அது கசிந்தால் ஒரு பொறி போதும். கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் வாயுவின் பெயரும் நெருப்புப் படமும் இருக்கும், அதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். நெருப்புப் படம் இல்லாத மற்ற வாயுக்களும் தோலில் பீய்ச்சினால் உறைபுண் வரும். குழாயை யாரும் வெட்டவே கூடாது, வாயுவை வெளியேற்றுவதற்கென்று கருவி வைத்திருப்பவர்களின் வேலை அது.

சோபாவுக்கு வருவோம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறதே, தூக்கும்போது விரல் இயல்பாகவே அங்கேதான் நுழையும். ஊசி, கத்தரிக்கோல், உடைந்த கண்ணாடி என்று வருஷக்கணக்கில் நழுவி விழுந்ததெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், பிடிப்பது அடிச்சட்டத்தில்தான். துணிக் கையுறை ஊசியைத் தடுக்காது, சாதாரணத் தோல் கையுறையையும் முழுதாக நம்ப முடியாது. ஊசி குத்திவிட்டால் வாயால் உறிஞ்சவோ பிதுக்கவோ வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அதை வேலை கொடுப்பவரின் சலுகையாக நான் பார்க்கவில்லை, கடமையாகத்தான் பார்க்கிறேன்.

சோபா கம் பெட் என்றால் இரண்டு இடத்தில் கயிறு கட்டாமல் நகர்த்தாதீர்கள், பாதிப் படியில் வாயைப் பிளக்கும். கட்டில் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியைப் பிடுங்க முடியாவிட்டால் சுத்தியலால் மடக்கிவிடுங்கள். முன்னால் இரும்பு வைத்த பூட்ஸ் விரலைத்தான் காக்கும். ஆணி ஏறுவது அடிப்பாகத்தில், அதற்கு உள்தகடு வைத்த பூட்ஸ் தனியாக உண்டு. பெரிய கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் அது உடையாமல் இருக்காது, உடைந்த துண்டு சிதறாமல் இருக்கும். மெத்தையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுங்கள். மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும், மழையில் நனைந்த மெத்தையோ கல்லாய்க் கனக்கும். பழைய குழல் டிவியின் கனமெல்லாம் திரைப்பக்கம்தான். திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும், பின்புறம் குறுகி நீளும் குழல்முனையில் அடி படவே கூடாது. உள்ளே வெற்றிடம் என்பதால் உடைந்தால் கண்ணாடி சீறித் தெறிக்கும்.

குப்பையை நசுக்கும் வண்டியில் போடும்போது பலகை வில்லாக வளைந்து, முறிந்து பின்னால் பாயும். நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். சிக்கிய துண்டைக் காலால் உதைத்துத் தள்ளுவது உயிரோடு விளையாடுவது. வண்டி பின்னால் வரும்போது வழிகாட்டுகிறவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும். கம்பியில்லா வேக்யூம் கிளீனர் போன்றவற்றில் இருக்கும் லித்தியம் பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். நசுங்கினால் உடனே பற்றலாம், பல மணி நேரம் கழித்துக் குவியலுக்குள்ளிருந்தும் பற்றலாம்.

சாமானை எடுக்க ஆள் அனுப்புகிறவர்களிடம் எனக்குக் கோபமே இருக்கிறது. முகவரியும் நேரமும் மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டு பேரை அனுப்பிவிடுகிறார்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, படி எவ்வளவு அகலம், ஃப்ரிட்ஜோ கண்ணாடியோ பேட்டரியோ இருக்கிறதா, ஒரு போட்டோ கிடைக்குமா? இதைக் கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா? மூன்றாவது ஆளும் தள்ளுவண்டியும் தேவையா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு "அவசரப்படாதே" என்று சொல்வதிலும் நியாயமில்லை.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒரு வெள்ளைத்தாளும் தடித்த மார்க்கரும் எடுப்பதுதான். "பின்பக்கம் கண்ணாடி", "இடது கால் உடைந்தது", "தண்ணீர் வடித்தாயிற்று", "ஒருவராகத் தூக்காதீர்கள்" என்று எது உண்மையோ அதை எழுதி, வருகிறவர் கை வைப்பதற்கு முன் கண்ணில் படுகிற பக்கத்தில் ஒட்டுங்கள்.