ஜீவா எங்கே?

முருகேசன்: அக்கா, தம்புராவைப் பளபளன்னு துடைச்சு வச்சிட்டேன். கம்பியைத் தாங்குற குதிரைக் கட்டை மேல நாலு அழுக்கு நூல் சிக்கிக் கிடந்துச்சு, அதையும் பிடுங்கிட்டேன்.

கோமதி: அடப்பாவி, ஜீவாவையா எடுத்த?

முருகேசன்: எந்த ஜீவா? வீட்டுல ஆளே இல்லாதப்பதான்க்கா துடைச்சேன்!

கோமதி: அந்த நூலுக்குப் பேருதான் ஜீவா. ஜீவாளின்னும் சொல்வாங்க. இப்ப மீட்டிப் பாரு.

முருகேசன்: டொங்... டொங்... என்னக்கா, தண்ணிக்குடத்தைத் தட்டின மாதிரி இருக்கு?

கோமதி: உயிரைப் பிடுங்கிட்டேல்ல? குதிரை தட்டையாத் தெரியும், ஆனா மேல லேசா வளைவு. நூல் கம்பியை மயிரிழை தூக்கிக் கொடுத்தாதான் கம்பி அந்த வளைவை உரசி உரசி அதிரும். அந்த உரசல்தான் ரீங்காரம். சரியா அமைஞ்சா கீழ் 'ச'வுக்கான மந்தரக் கம்பியில அந்தர காந்தாரம்ங்கிற 'க' ஸ்வரம் தானாக் கேக்கும். 1921லயே சி.வி. ராமன் இந்த நூலைப் பத்தி எழுதியிருக்காரு.

முருகேசன்: நூலைப் பத்தி ஒரு நூலா!

கோமதி: கட்டுரைடா. கம்பியோட மூல ஸ்வரத்துக்கு மேல கூடவே எழறது மேல்ஸ்வரம். மீட்டுற இடத்துல எந்த மேல்ஸ்வரத்துக்குக் கணு, அதாவது அதிராத புள்ளி, விழுதோ அது கேக்கக் கூடாதுங்கிறது பௌதிக விதி. தம்புராவுல அதுவும் கேக்குதுன்னு காட்டினாரு.

முருகேசன்: நான் அந்த விதியைக் காப்பாத்திட்டேன்னு வச்சுக்குங்க.

கோமதி: வாயை மூடிட்டு நூல் கொண்டா.

முருகேசன்: இந்தாங்க, நைலான். அறவே அறாது.

கோமதி: வழுக்கும். பருத்தி வேணும்.

முருகேசன்: (வேட்டி ஓரத்தை உருவி) இது?

கோமதி: ஒத்தையா மெலிசு, கம்பி குதிரையில கரகரன்னு அடிக்கும். ரெண்டாத் திரி. அதுக்கு மேல தடிச்சா கம்பி வளைவைத் தொடாது, மறுபடி டொங்குதான். முதல்ல கம்பியை முறுக்குற பிரடையைத் திருகி நாலு கம்பிக்கும் சுருதி சேர்க்கணும்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். இப்ப நூலைக் கம்பிக்கு அடியில விடு. ஒரு கையால மீட்டிக்கிட்டே நூலை முன்னும் பின்னும் நகர்த்து. மெதுவா!

முருகேசன்: டொங்... டொய்... ஙொய்ங்ங்ங்! அக்கா, வண்டு பூந்துருச்சு!

கோமதி: இதுக்குத்தான் 'ஜீவா பிடிச்சிருச்சு'ம்போம். அங்கேயே விடு. சுருதி இம்மி விலகியிருந்தா கம்பியில கோத்திருக்கிற மணியைத் தள்ளிக்கலாம். பிரடையைத் தொட்டா ஜீவாவையும் திரும்பப் பார்க்கணும்.

முருகேசன்: வடக்க ஜவாரின்னு சொல்றது இதையா?

கோமதி: அது குதிரையோட வளைவையும் அதுல வர்ற நாதத்தையும் சொல்றது. நூல் வேற. பேச்சை மாத்தாத, இன்னும் மூணு கம்பி இருக்கு.

முருகேசன்: அக்கா... இன்னும் மூணுக்கு உருவினா நான் வீட்டுக்கு எப்படிப் போறது?