ஐலண்டில் ஏன்யா அந்த எஸ்?

வாயில் வராத எழுத்தை எதுக்குய்யா எழுதணும்? ஐலண்டில் அந்த எஸ்ஸை மறந்தால் போதும், உடனே கீழே சிவப்புக் கோடு!

குட்டித்தீவைச் சொல்லும் 'ஐல்' (isle) சொல்லில் எஸ் இருப்பதையாவது பொறுத்துக்கலாம். அது லத்தீன் 'இன்சுலா'வின் வாரிசு; பிரெஞ்சு வழியாக வரும்போது தொலைத்த எஸ்ஸை அப்புறம் தேடி ஒட்டிக்கிட்டாங்க. பூர்வீகச் சொத்து, போகட்டும்.

ஆனா ஐலண்ட்? அது பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. 'நீர் சூழ்ந்த நிலம்' என்று பொருள். 'இன்சுலா'வோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எஸ் இல்லாமலேயே பல நூற்றாண்டு ஓடியது. 16ஆம் நூற்றாண்டில் மெத்தப் படித்தவர்கள் ரெண்டையும் சொந்தக்காரங்கன்னு நினைச்சுச் செருகிட்டாங்க. அவங்க பிழைக்கு எனக்குச் சிவப்புக் கோடு!

இருக்கை வரிசைகளுக்கு நடுவே போகும் வழிக்கும் 'ஐல்' (aisle)தான். அது லத்தீனில் இறக்கை, 'ஆலா'. அதிலும் எஸ்ஸைச் சொருகி வெச்சிருக்காங்க, பாவிங்க.