ஒரு போரையாவது நிறுத்தினீர்களா?

நேற்றைய விவாதத்தில் என் பேராசிரியரிடம் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "இத்தனை வருஷமாகப் போரைப் படிக்கிறீர்களே, ஒரு போரையாவது நிறுத்தினீர்களா?" அரங்கமே கைதட்டியது. அவர் தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

போரை ஆராய்கிறவரின் வேலை போரை நிறுத்துவதல்ல. ஒரு தகராறு ஏன் போராகிறது, அதே மாதிரி இன்னொன்று ஏன் பேச்சிலேயே அடங்குகிறது என்று பார்ப்பது. நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் எப்போது இருந்தது?

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் வானிலை ஆய்வாளர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு போர்ச் சாவுகளை எண்ண ஆரம்பித்தவர், சாகும்வரை விடவில்லை. 1953இல் இறந்தார், அந்தக் கணக்கு நூலாக வந்தது 1960இல். அவரிடமும் இதைத்தான் கேட்பீர்களா?

"செத்தவர்கள் வெறும் எண்களா?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேரும்வரை. உலகப் போர்களைப் பட்டியலிடும் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் தரவுத் திட்டத்தில் வருஷத்துக்கு 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அது ஆயுத மோதல் என்று பட்டியலில் ஏறும். எங்களுக்கும் அதுதான் அளவுகோல். ஒருநாள் ஒரே மோதலைப் பற்றி மூன்று செய்திகள். ஒன்றில் 19 பேர், இன்னொன்றில் 31 பேர், மூன்றாவதில் 'பலர்'. அலுப்பில் நடுவாக 25 என்று போட்டுவிட்டேன். அவர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்த இருபத்தைந்து பேரை எங்கே பார்த்தாய்?" என்றார். திட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுரைகள் சாமானியருக்குப் புரியாத மொழியில் இருக்கின்றன என்கிறீர்களா? சரி, அது உண்மைதான். பொதுப்பணம் வீண் என்கிறீர்களா? ஏற்கவே மாட்டேன். என்ன பணத்தைக் கண்டோம்? ஒரு வருஷ ஒப்பந்தம், அப்புறம் இன்னொரு ஊரில் இன்னொரு ஒரு வருஷ ஒப்பந்தம். ஒரு கட்டுரை அச்சேற இரண்டு வருஷம். நான் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். அதைச் சொல்ல இன்றும் தொண்டை அடைக்கிறது. அவர் இருந்தார். போர் வந்தால் மட்டும் அவரைத் தேடி மைக்கை நீட்டுகிறீர்கள், முப்பது நொடியில் பதில் கேட்கிறீர்கள், முடித்ததும் கைதட்டி அனுப்புகிறீர்கள்.

இன்று காலை அவருக்குப் போன் செய்தேன். விவாதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பழைய பட்டியல் ஒன்றில் இரண்டு விதமாக எழுதியிருக்கும் ஒரு பெயர் ஒரே ஆள்தானா, இரண்டு பேரா என்று தேடிக்கொண்டிருந்தார்.